தபாலில் வந்த பேட்டரி

கொட்டச்சேடு
2 டிசம்பர் 2024

பிரபாகருக்கு,

உன் நம்பரை நான் பிளாக் செய்தது கை தவறி நடந்ததல்ல. நம் ஆய்வுக்கூடத்துச் சுகுணாவிடம் சொல்லி, "அக்கா போன்ல ஏதாச்சும் கோளாறா"ன்னு கேட்டனுப்பினாயாம். போன் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் உன் குரலைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

வியாழக்கிழமை கூட்டத்தில், நம் கைடு ஹரிஹரன் சார் முன்னால், பதினோரு பேர் முன்னால் எழுந்து நின்று, "புவனாக்கா எழுதுன புரோகிராம்ல ஒரு மைனஸ் குறி மாறிப்போயிருக்குங்க சார்" என்றாய். முதல் நாளே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் மேசைக்கும் உன் மேசைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு தண்ணீர் கேன். ஒரே மலையிலிருந்து ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன், இந்த ஆய்வுக்கூடத்தில் சேர நான் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவன், அவனுக்கு அந்தக் கேனைத் தாண்டி வர முடியவில்லை.

பிறகு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்றும் சுகுணாவிடம் கேட்டாயாம். மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. இனி நீட்டிப்பு கிடையாது. மூன்றாம் அத்தியாயம் இல்லாமல் மிச்சமிருப்பது ஆய்வேடு அல்ல, வெறும் முன்னுரை. ஆறு வருடம்!

அதில் என்ன இருந்தது என்பது உனக்கு மறந்திருக்கும், நினைவுபடுத்துகிறேன். காற்றை உறிஞ்சிய பெட்டி, உள்ளே கொஞ்சம் ஆர்கான், எதிரெதிரே இரண்டு தட்டு. கீழ்த்தட்டு தரையோடு சேர்ந்தது. மேல்தட்டுக்கு நொடிக்குக் கோடி தடவைக்கு மேல் ஏறி இறங்கும் மின்னழுத்தம். உயரத்தைக் கூட்டாமல், அலையின் வடிவத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. மெல்ல ஏறிச் சட்டென்று இறங்கினால், மேல்தட்டை ஒட்டிய இருட்டுப் பகுதி வேகமாக விரிந்து எலக்ட்ரான்களைத் தள்ளும். அவை அணுக்களில் மோதும். வெளிச்சம் மேல்தட்டுப் பக்கம் வரும். சட்டென்று ஏறி மெல்ல இறங்கினால் கீழ்த்தட்டுப் பக்கம். என் கணக்கு மேல் என்கிறது. உன் கேமரா கீழ் என்கிறது. உடனே கணக்கு தப்பு!

நான் கேட்பது ஒன்றுதான். அலையை எங்கே அளந்தாய்? ஜெனரேட்டரின் வாயிலா, தட்டிலா? நடுவில் இருக்கும் மேட்சிங் பெட்டி அலையை எப்படிக் கோணலாக்கும் என்று உனக்குத் தெரியாதா? நல்லதாய் ஒரு அலையை உள்ளே விட்டால் வெளியே வேறொன்று வரும்.

பதில் போடுவதானால் தபாலில் போடு. அங்கே எதை வேண்டுமானாலும் கழற்றிப் பார். அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் மட்டும் கை வைக்காதே. அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், படிக்கத் தெரியுமல்லவா.

புவனேஸ்வரி

*

சென்னை
7 டிசம்பர் 2024

புவனாக்காவுக்கு வணக்கங்க.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ஆறாம் வகுப்புப் பரீட்சையில். உறவினருக்குக் கடிதம் எழுதுக என்ற கேள்விக்குப் பத்துக்கு நான்கு மார்க் போட்டார்கள். இதற்கு நீங்கள் எவ்வளவு போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜெனரேட்டர் வாயில் அளக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லீங்க. மேல்தட்டின் கழுத்திலேயே ஸ்கோப்பின் புரோப்பை வைத்தேன். போட்டோ இணைத்திருக்கிறேன். மேட்சிங் பெட்டி அலையைக் கோணலாக்கும் என்று தெரிந்துதான், ஸ்கோப் திரையைப் பார்த்துப் பார்த்து, மெல்ல ஏறிச் சட்டென்று இறங்கும் வடிவம் வரும்வரை அலையில் கலக்கும் ஒவ்வொரு அதிர்வெண்ணாகத் திருப்பினேன். நாலு மணி நேரமுங்க. கழுத்து பிடித்துக்கொண்டது. உங்கள் ஸ்டிக்கரை மீறவில்லை. "செட்டிங்கைத் தொட்டால் கை இருக்காது - புவனா" என்று எழுதியிருக்கும் இடத்தில் யார் தொடுவார்கள்? துடைக்கும்போது கூடத் துணியால் பட்டும் படாமல் துடைக்கிறேன்.

கூட்டத்தில் சொன்னது பற்றி. சார் நேராகக் கேட்டார், "ரெண்டுல எது தப்பு?" என்று. என் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். வெளிச்சம் கீழே இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்லணுங்களா? முன்னாடியே உங்களிடம் சொல்லியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாரம் முழுக்க நீங்கள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேனில் தண்ணீர் பிடிக்கவே பயமாக இருந்தது.

இன்னொன்று, யாராவது சொல்லிக் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆர்கானில் வெளிச்சம் இப்படித் தலைகீழாக வருவது புதுசு என்று சார் நினைக்கிறார். பிப்ரவரி கருத்தரங்குக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டேன்.

பிரபாகர்

*

கொட்டச்சேடு
13 டிசம்பர் 2024

பிரபாகருக்கு,

புதுசாம்! என் அத்தியாயத்தின் பிணத்தின் மேல் ஏறி நின்று உனக்கு மேடை கேட்கிறதா? வாழ்க.

இங்கே காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது. விடிந்தால் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா அம்மாவோடு எஸ்டேட்டில் நிற்கிறேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் கேட்காத அம்மா மூன்றாம் நாள், "ஏங் கண்ணு, காலேஜ்ல தொரத்திட்டாங்களா?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டாள். அலையின் வடிவத்தைச் சொன்னேன். சேலம் பஸ் மெல்ல வளைந்து வளைந்து ஏறுகிறது, அதே மலையை ஜீப்காரன் கண்ணை மூடிக்கொண்டு சர்ரென்று இறங்குகிறான். உயரம் ஒன்றுதான், ஆனால் எதில் எந்த இடத்தில் வாந்தி வருகிறது என்பதுதான் நான் படிப்பது என்றேன். "இதக் கண்டுபுடிக்கவா ஆறு வருசம்? என்னியக் கேட்டா நானே சொல்லியிருப்பனே" என்கிறாள். பறித்துக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒண்டிக்கடை முக்கில் உன் அம்மாவைப் பார்த்தேன். கொய்யா விற்கக் கொண்டுவந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ற பையன் பெரிய மீட்டிங்ல பேசப்போறானாமே சாமி, நீதான் வழிகாட்டுனயாம்" என்றார். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாராம். அவர் கொடுத்த ஒரு கிலோ கொய்யாவை வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு கிலோவுக்கு என் பல் எவ்வளவு நறநறத்தது என்று உனக்குத் தெரியாது.

சரி, புரோப் தட்டில்தான் இருந்தது, போட்டோவைப் பார்த்தேன். அப்படியானால் கேமரா. மேசைக்கால் இடிக்கிறது என்று அதை நீ தலைகீழாகத் தொங்கவிட்டது எனக்கு மறக்கவில்லை. படத்தைக் கம்ப்யூட்டர்தான் திருப்பிப் போடுகிறது. அக்டோபரில் அந்தக் கம்ப்யூட்டரை அழித்துப் புதிதாக ஏற்றினார்கள். திருப்பிப்போடும் வேலை இன்னும் நடக்கிறதா என்று பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய்.

புவனேஸ்வரி

*

சென்னை
20 டிசம்பர் 2024

புவனாக்காவுக்கு,

பார்த்துவிட்டேனுங்க. அட்டையில் அம்புக்குறி வெட்டி, முனை மேலே பார்க்கும்படி கண்ணாடி ஜன்னலுக்குள் வைத்துப் படம் எடுத்தேன். படத்திலும் முனை மேலேதான் பார்க்கிறது. கேமரா சரி. படம் இத்துடன். போதாதென்று, நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று யோசித்து, ஆர்கான் சிலிண்டரையும் மாற்றினேன். வேறு வாயு கலந்திருந்தால் வெளிச்சம் பக்கம் மாறும் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள். புது சிலிண்டரிலும் கீழேதான்.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். தட்டில் தானாகச் சேரும் நிலை மின்னழுத்தம் உங்கள் கணக்கோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. அலை, உயரம், மின்னழுத்தம், எல்லாம் சரி. வெளிச்சம் மட்டும் தலைகீழ். அதனால்தான் கணக்கில் வெளிச்சம் வரும் இடத்தில் குறி மாறியிருக்கும் என்றேன். வாய்க்கு வந்ததை உளறவில்லை.

நான் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்கிறீர்கள். கூட்டத்தில் வைத்துச் சொன்னதற்குக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்க மாட்டேனுங்க.

அம்மா போன் செய்து, "அந்தப் புள்ள மொகமே செரியில்ல, என்ன பண்ணித் தொலச்ச?" என்று என்னைத்தான் திட்டியது. உங்கள் பல் நறநறத்தது அங்கேயும் கேட்டிருக்கிறது.

பிரபாகர்

*

கொட்டச்சேடு
27 டிசம்பர் 2024

பிரபாகருக்கு,

உன் கடிதத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு போய் மிளகுக்கொடி நிழலில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். அலை சரி, மின்னழுத்தம் சரி, வெளிச்சம் மட்டும் தலைகீழ். அடேய், உன் தலையில் என்னதான் இருக்கிறது? இரண்டு தட்டும் ஒரே அளவு. அப்படிப்பட்ட பெட்டியில் பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றிப்போட்டால் என்ன தெரியும்? அலை நீ கேட்டபடியே தெரியும். மின்னழுத்தம் என் கணக்குப்படியே தெரியும். ஏனென்றால் இரண்டையும் அதே கம்பியில்தான் அளக்கிறாய். வெளிச்சத்தை மட்டும் கேமரா தனியாகப் பார்க்கிறது, அதற்கு உன் பிளஸ் மைனஸ் தெரியாது. அது உள்ளதைச் சொல்கிறது. நீ மெல்ல ஏற்றிச் சட்டென்று இறக்குவதாக நினைத்துக்கொண்டு, சட்டென்று ஏற்றி மெல்ல இறக்கிக்கொண்டிருக்கிறாய்!

ஸ்கோப் மேல் எனக்குச் சந்தேகமில்லை, அதை அமைத்தது நான். புரோப்பை மாட்டியது நீ. ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியை எடு. பிளஸ் முனையைப் புரோப்பில் தொடு, மைனஸைத் தரையில். கோடு மேலே போக வேண்டும். கீழே போனால் என் அத்தியாயம் பிழைத்தது. ஒரு நிமிட வேலை.

சாரிடம் நானே சொல்லியிருப்பேன். மேலே போய் சிக்னல் பிடித்துப் பேசினேன். "அளவீட்டுக்கு எதிரா அளவீடு கொண்டு வாம்மா, வாதம் வேண்டாம்" என்று வைத்துவிட்டார். கருவி உன்னிடம் இருக்கிறது. நான் காப்பிச் செடியையா அளப்பது?

புவனேஸ்வரி

*

சென்னை
4 ஜனவரி 2025

புவனாக்காவுக்கு,

புரோப்பைத் தலைகீழாக மாட்டவே முடியாதுங்க. அதன் ஒரு முனை பெட்டியின் இரும்போடு இறுகிக் கிடக்கிறது. மாற்றி மாட்டினால் புகைதான் வரும். இது உங்களுக்குத் தெரியாததா? பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பது முதல் வருடப் பிள்ளைகள் செய்வது. ஜன்னலில் அட்டை அம்பு வைத்ததற்கே எல்லாரும் சிரித்தார்கள். இனி பேட்டரியோடும் நிற்க வேண்டுமா? அப்புறம் என்ன, எலுமிச்சம்பழமா?

கருத்தரங்கில் என் பேச்சைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பதினைந்து நிமிடம். எங்கள் ஊரில் இதுவரை யாருக்கும் இப்படி வாய்த்ததில்லை. அம்மா கோயிலில் பொங்கல் வைக்கப்போகிறதாம். இந்த நேரத்தில் நீங்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு குற்றம் கண்டுபிடித்து அனுப்புகிறீர்கள். நான் ஒன்றொன்றாய்ப் பொய் என்று நிரூபிக்கிறேன். போதுங்க அக்கா. தயவுசெய்து உங்கள் புரோகிராமை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முதல் வரியிலிருந்து பாருங்கள்.

பிரபாகர்

*

கொட்டச்சேடு
9 ஜனவரி 2025

பிரபாகருக்கு,

பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, இரண்டு நாள். தப்பில்லை.

இந்தப் பார்சலில் இருப்பது பேட்டரி. ஒண்டிக்கடையில் வாங்கியது. புதுசு. உனக்கு வெட்கமாக இருந்தால் எல்லாரும் பொங்கலுக்கு ஊருக்குப் போன பிறகு தொட்டுப் பார். இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது பிரபாகர். நான் இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

புவனா

*

சென்னை
16 ஜனவரி 2025

புவனாக்கா,

பொங்கலன்று கூடத்தில் நான் மட்டும்தான். பார்சலைப் பிரித்தேன். காலையிலிருந்து அதை மேசைமேல் வைத்துக்கொண்டு டீ குடித்தேன், கேமராவைத் துடைத்தேன், வேறென்னென்னவோ செய்தேன். பதினொன்றரைக்குத் தொட்டேன்.

கோடு கீழே போனதுங்க.

பேட்டரியின் பிளஸ் குறியை மறுபடி பார்த்தேன், புரோப்பை மாற்றினேன், வயரை மாற்றினேன். கீழேதான். ஒரு மணி நேரம் கழித்து உங்கள் ஸ்டிக்கருக்கு மேலே கை வைத்தேன். முதல் சேனலில் தலைகீழாகக் காட்டும் செட்டிங் போட்டிருந்தது. ஸ்விட்ச் போடும்போதெல்லாம் தானாக வரும் செட்டிங் அது. பெயர் 'புவனா'. சேமித்த தேதி செப்டம்பர் 14.

செப்டம்பர் 14 என்ன நாள் என்று எனக்கு நினைவிருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள் பார்க்க வந்தார்கள். புஷ்பலதா என்ற டீச்சர், "தட்டுல எலக்ட்ரான் சேரச் சேரக் கோடு மேலதான வரணும், எதுக்குக் கீழ போகுது?" என்று விடாமல் கேட்டார். நீங்கள் சலித்துப்போய், "இந்தாங்க டீச்சர்" என்று ஒரு பட்டனை அழுத்தினீர்கள். கோடு மேலே வந்தது. அவர் கைதட்டினார். நான் பக்கத்தில் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தேன். அந்தப் பட்டனைத் திருப்பாமலே அன்று சாயங்காலம் செட்டிங்கைச் சேமித்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் கணக்கு சரிங்க அக்கா. முதல் நாளிலிருந்தே சரி.

நேற்றே கருத்தரங்குக்கு எழுதிப் பேச்சை வாபஸ் வாங்கிவிட்டேன். சாருக்கும் மெயில் அனுப்பிவிட்டேன். ஸ்கோப்பில் நான்தான் கவனக்குறைவாகத் தலைகீழ் செட்டிங்கைப் போட்டுவிட்டேன் என்று எழுதினேன். யார் சேமித்தது என்பதெல்லாம் எதற்கு? அந்தச் செட்டிங்கை அழித்துவிட்டேன். நீங்கள் ஆய்வேடு கொடுக்கிற நேரத்தில் இன்னொரு பேச்சு வேண்டாம். கடிதம் கிடைத்ததும் வந்துவிடுங்கள், புதிதாக அளந்துவிடலாம்.

அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பிரபாகர்

*

கொட்டச்சேடு
21 ஜனவரி 2025

பிரபாகருக்கு,

என் தப்பை எடுத்து உன் தலையில் வைத்துக்கொள்ள உனக்கு யார் அனுமதி கொடுத்தது? எடுத்த எடுப்பில் இதைத்தான் கேட்கணும். ஆறு வாரமாக நான் உன்னைத் திட்டிய திட்டெல்லாம் உரிய முகவரிக்குப் போகவில்லை என்று தெரிந்த பிறகும், எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

கடிதத்தைப் படித்ததும் ஜீப் பிடித்து மேலே போய் சாருக்குப் போன் செய்தேன். செட்டிங் என்னுடையது, ஸ்டிக்கர் என்னுடையது, அவன் தொடாததற்குக் காரணமே நான்தான் என்று சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அப்ப ரெண்டு பேரும் சரியாத்தான் இருந்திருக்கீங்க" என்றார். ஆமாம் சார் என்றேன். "ஆறு வாரமா?" என்றார். ஆமாம் சார்.

அத்தியாயத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். நீ அளந்தது எதுவும் வீணில்லை. சட்டென்று ஏறி மெல்ல இறங்கும் அலைக்கு என்னிடம் அளவீடே இல்லாமல் இருந்தது. நீ ஒரு மாதம் உட்கார்ந்து அளந்ததெல்லாம் அதுதான். உன் படங்கள் அந்த அலைக்கு என் கணக்கு சொல்லும் இடத்திலேயே விழுகின்றன. இனி மற்ற வடிவத்தை இரண்டு நாளில் எடுத்துவிட்டால் போதும். அத்தியாயத்தில் செப்டம்பர் 14 பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், யார் பட்டனை அழுத்தியது என்பது உட்பட. நீ அதை வெட்டச் சொல்லக்கூடாது.

நேற்று உன் ஊருக்குப் போய் உன் அம்மாவிடமும் சொன்னேன். நீ சொல்ல வேண்டியதில்லை. களத்தில் மிளகைக் கிளறிக்கொண்டே கேட்டார். மீட்டிங் இல்லை என்றதும் கை நின்றது. "என்ற பையன் பண்ணுனதா?" என்றார். இல்லைங்க, நான் பண்ணினது என்றேன். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு பேரும் ஒரே எடத்துல ஒக்காந்துதான கண்ணு வேல பாக்கறீங்க? ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்த கேட்டிருந்தா ஆவாதா?" என்றார். நானும் உட்கார்ந்து மிளகைக் கிளறினேன். அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

போன மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று உன்மேல் பாய்ந்தேன். கை இருக்காது என்று எழுதி ஒட்டியவளிடம் யார் வந்து கேட்பார்கள்? உன் பதினைந்து நிமிடம் போனதற்கு நான்தான் காரணம். எனக்கு நொம்ப வருத்தமாக இருக்கிறது பிரபாகர். மன்னித்துவிடு.

இதை நேரில் சொல்ல எனக்கு வராது. என்னைப் பற்றித் தெரியுமே, வந்ததும் கேபிள் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கத்த ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதி இன்று தபாலில் போடுகிறேன். நாளைக் காலை சேலம் போய் ரயிலேறி விடுவேன், இது உன் கைக்கு வருவதற்குள் அங்கே இருப்பேன். வந்து சேர்ந்தால் என் எதிரில் பிரிக்காதே. கேனுக்கு அந்தப் பக்கம் போய்ப் படி.

உன் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். ஸ்டிக்கரைக் கிழித்துப் போடு.

புவனா